மூன்றாம் கொடி நின்ற இடம்

ஆம்பூரில் இறங்க வேண்டியவன் ஜோலார்ப்பேட்டையில் போய் இறங்கினேன். கொழும்பிலிருந்து கிளம்பி மூன்று நாள் சரியான தூக்கமில்லை. காட்பாடியில் ஜன்னலோரம் இடம் கிடைத்ததும் கண் தானாக மூடிக்கொண்டது. விழித்தபோது வண்டி வாணியம்பாடியையும் தாண்டியிருந்தது. எதிரில் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த திருப்பத்தூர்க்காரர், "ஆம்பூர் போவணும்னு சொன்னீங்களே சார், அது எப்பவோ போய்ட்டுது" என்றார்.

"எழுப்பியிருக்கக் கூடாதா?"

"எழுப்பலாம்னுதான் பாத்தேன். பச்சப்புள்ள மாதிரி தூங்கினீங்க. மனசு வரல."

அவர்மேல் கோபம் வரவில்லை. இரண்டு மாதமாக எங்கள் வீட்டில் யாரும் நன்றாகத் தூங்கியதில்லை.

திரும்பிப் போகும் பாசஞ்சர் பிற்பகலில்தான் என்றார்கள். பிளாட்பாரத்தில் இட்லி வாங்கினேன். இருபத்திரண்டு வருஷம் கொழும்பில் தேங்காய்ச் சம்பலோடு சாப்பிட்டுப் பழகிய நாக்குக்கு, இங்கத்திய பச்சை மிளகாய்ச் சட்னி சுரீரென்றது. கண்ணில் தண்ணீர் வந்தது. சட்னியால்தான் வந்தது என்று பக்கத்தில் நின்றவர் நினைத்துக்கொண்டு, "காரம் ஜாஸ்தியா சார்?" என்று தன் செம்பை நீட்டினார்.

வந்த காரியத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

என் மகள் கமலாவுக்குப் பதினைந்து வயது. சென்ற ஆவணியில் அவளுக்கு டைபாய்டு வந்தது. மூன்றாம் வாரம் டாக்டர் மருந்துப் பையை மூடிக்கொண்டு, "இனி சொல்வதற்கில்லை" என்று போய்விட்டார். அன்று சாயங்காலம், இருபத்திரண்டு வருஷமாக மறைத்து வைத்திருந்த ஒன்றை என் மனைவி தனத்திடம் சொன்னேன். ஏன் அப்போது சொன்னேன் என்று இன்றுவரை விளங்கவில்லை. பயத்தில் மனிதன் கையிலிருப்பதை எல்லாம் கீழே போட்டுவிடுகிறான்.

கமலாவுக்கு முன்னால் எங்களுக்கு ஒரு பெண் பிறந்தது. லட்சுமி என்று பெயர் வைத்தோம். ஐந்தாம் மாதம் இழுப்பு கண்டு ஒரே பகலில் போய்விட்டது. அப்போது ஆம்பூருக்குப் பக்கத்தில் சின்னேரிப்பட்டு என்ற ஊரில் நான் பள்ளிக்கூட வாத்தியார். எங்கள் பக்கத்தில் பால்குடிக் குழந்தை இறந்தால் எரிப்பதில்லை, புதைப்போம். மறுநாள் தகப்பன் போய் அந்த மண்ணில் பால் ஊற்றிவிட்டு வரவேண்டும். பெண்கள் போகக்கூடாது. நான் போகவில்லை. போனதாகத் தனத்திடம் சொன்னேன். "ஊத்திட்டீங்களா?" என்று கேட்டாள். "ஊத்திட்டேன்" என்றேன்.

இதைக் கேட்டுத் தனம் அழவில்லை, திட்டவில்லை. கமலாவின் நெற்றியில் ஈரத்துணியை மாற்றிப் போட்டாள். "இவ எழுந்து உட்காந்ததும் நீங்க போய் ஊத்திட்டு வந்துடுங்க" என்றாள். அவ்வளவுதான். பத்து நாளில் கமலா எழுந்து உட்கார்ந்தாள். கஞ்சி குடித்தாள். நான் கிளம்பினேன். கமலாவுக்கு இப்படி ஓர் அக்காள் இருந்ததே தெரியாது. வீட்டில் அவளைக் குப்பு என்று கூப்பிடுவோம். முன்பிறந்தது தங்காத வீட்டில் அடுத்ததாவது தங்கட்டும் என்று குப்பையின் பேரை வைப்பார்கள். பள்ளிக்கூடத்துச் சிநேகிதிகளுக்கு முன்னால் அப்படிக் கூப்பிட்டால் கோபித்துக்கொள்வாள். காரணத்தைக் கேட்டதில்லை, நாங்களும் சொன்னதில்லை.

இடம் எனக்கு மனப்பாடம். மூன்றாம் கொடியிலிருந்து தெற்கே பத்து அடி. கொழும்புத் துறைமுகக் கணக்கறையில் உட்கார்ந்துகொண்டு எத்தனையோ முறை இதை மனசுக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன். மூன்றாம் கொடி, தெற்கே, பத்து அடி.

கொடி என்றால் கோயில் கொடியல்ல. துரைமார் கோல்ஃப் ஆடிய மைதானத்தின் கொடி.

அந்த மைதானம் வந்த கதையில் நான் அறியாத பகுதியை ஜோலார்ப்பேட்டையிலேயே தெரிந்துகொண்டேன். பிளாட்பாரக் கோடியில் வேப்பமரத்தடியில் ஒரு கிழவர் தொப்பி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஓய்வு பெற்ற ரயில் கார்டு. சட்டைக்காரர், அதாவது ஆங்கிலோ-இந்தியர். தினமும் வந்து வண்டிகள் நேரத்துக்கு வருகின்றனவா என்று பார்த்துவிட்டுப் போவாராம். வேலையில் இருந்தபோது பார்த்ததைவிட இப்போது கண்டிப்பாகப் பார்க்கிறார் என்று இட்லிக்காரர் சிரித்தார். நான் அவரிடம் போய் அந்த மைதானத்தைப் பற்றி இங்கிலீஷில் கேட்டேன்.

"சின்னேரிப்பட்டு கோல்ஃப் லிங்க்ஸா!" என்றார். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "சனிக்கிழமை சனிக்கிழமை நான்தானே அவர்களை ஏற்றிக்கொண்டு போவேன். அந்த ரயில்வே கேட்டில் வண்டியை ஒரு நிமிஷம் நிறுத்துவேன். டயம் டேபிளில் கிடையாது. ஆனால் நிறுத்துவேன்."

மகாராணி விக்டோரியா உயிரோடு இருந்த காலத்திலேயே அதை ஆரம்பித்தார்களாம். ரயில் பாதையைக் கவனித்துக்கொண்ட இஞ்சினீர் துரை ஒருவர் ஸ்காத்லாந்துக்காரர். ஊர் நினைப்பு வந்து சாப்பாடு இறங்காமல் இருந்தவர், ஒருநாள் டிராலியில் போகும்போது ஏரிக்குக் கீழே அந்த மேட்டைப் பார்த்தார். அடுத்த மாதமே ஒன்பது குழி வெட்டி ஒன்பது கொடி நட்டார். வேலூர்க் கோட்டையிலிருந்து பட்டாளத்து ஆபீசர்களும், சென்னையிலிருந்து தோல் வாங்க வரும் கம்பெனி ஏஜெண்டுகளும் வந்து சேர்ந்துகொண்டார்கள்.

"புல் உண்டா அங்கே? வெறும் கட்டாந்தரை" என்றார் கார்டு. "குழியைச் சுற்றி மட்டும் மணலில் எண்ணெய் விட்டுப் பிசைந்து வட்டமாகப் போட்டு, துடைப்பத்தால் பெருக்கி வைப்பார்கள். பந்து போகும் பாதை பாம்பு போனதுபோல் தெரியும். காக்கை பந்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால் வேறு பந்து போட்டுக்கொள்ளலாம் என்று ஒரு சட்டம் எழுதியிருந்தார்கள். எழுதியது இஞ்சினீர்தான். அவர் சொல்வார், இந்த ஜில்லாவிலேயே யாரும் எதற்கும் பயன்படுத்தாத நிலம் இது ஒன்றுதான் என்று."

பாசஞ்சர் வந்தது. கார்டு தன் கடிகாரத்தைப் பார்த்து, "ஏழு நிமிஷம் லேட்" என்று என்னைக் குற்றவாளியைப் போலப் பார்த்தார்.

ஊர் அந்த நிலத்தைப் பயன்படுத்திக்கொண்டுதான் இருந்தது. மாடு மேய்ந்தது ஒருபுறம். ஏரிக்கரைக்குக் கீழே, ஆவாரஞ்செடிகள் அடர்ந்த பக்கத்தில், யார் யாருடைய அப்பன் பாட்டன் காலத்திலிருந்தோ குழந்தைகளைப் புதைத்துவந்தார்கள். குழந்தைக்குச் சமாதி கட்டுவதில்லை. நரி தோண்டாமலிருக்க மேலே ஒரு கல், அவ்வளவுதான். இஞ்சினீர் துரைக்கு அவை வெறும் கற்கள். பந்துக்கு இடைஞ்சல். முதல் வேலையாக எல்லாவற்றையும் பொறுக்கி எறியச் சொன்னார். அப்புறம் தினமும் விடிந்ததும் கல் பொறுக்குவதற்கென்றே ஆள் வைத்தார்கள்.

நான் அந்த ஊருக்கு வாத்தியாராக வந்தபோது மைதானத்துக்குப் பல வயது ஆகியிருந்தது. எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்பதால் சனிக்கிழமைகளில் கிளப் கொட்டகையில் உட்கார்ந்து ஆட்டக் கணக்கு எழுதச் சொன்னார்கள். இங்கே யாரும் எதையும் புதைக்கக் கூடாது என்ற அறிவிப்பை அழகான தமிழில் எழுதி ரயில்வே கேட்டில் ஒட்டியதும் நான்தான்.

ஊர் எதிர்த்துப் பேசவில்லை. புதைப்பதையும் நிறுத்தவில்லை. விடியுமுன் போய்ப் புதைத்துவிட்டு, மண்ணை மட்டமாகத் தட்டி, சருகைத் தூவிவிட்டு வந்துவிடுவார்கள். கல் வைத்தால்தானே பொறுக்குவார்கள்? கல்லுக்குப் பதில் கொடியை அடையாளம் வைத்துக்கொண்டார்கள். "எங்கது ரெண்டாங்கொடிக்கு மேக்கால", "எங்கது மூணாங்கொடிக்குக் கீழ" என்று பெண்கள் கிணற்றடியில் மெதுவாகப் பேசிக்கொள்வது வழக்கமாகிவிட்டது. கல்லைவிடக் கொடி நல்லது. தூரத்திலிருந்தே தெரியும். துரைமார் செலவில் நிற்கும். படித்தவனான எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

லட்சுமியைப் புதைத்தது ஓர் ஐப்பசி வெள்ளிக்கிழமை விடியற்காலை. பால் ஊற்ற வேண்டிய நாள் சனிக்கிழமை. அன்றைக்கு வருஷப் போட்டி. துரைமார் ஆடும்போது ஊரார் யாரும் மைதானத்துக்குள் கால் வைக்கக் கூடாது. நான் பால் செம்பை மேஜைக்கடியில் மறைத்து வைத்துக்கொண்டு, ஆட்டம் முடிந்தபின் போகலாம் என்று கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். மூன்றாம் கொடியில் யார் எத்தனை தடவை அடித்துப் பந்தைக் குழியில் போட்டார்கள் என்று முப்பது துரைமார் பேருக்கு எதிரே எழுதினேன். சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. பால் திரிந்துவிட்டிருந்தது. வேலியோரம் கொட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

ஆம்பூரில் இறங்கும்போது பொழுது சாய்ந்திருந்தது. ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததுமே தோல் நாற்றம் வரவேற்றது. கொழும்பில் கருவாட்டுக் கிட்டங்கி வழியாகத்தான் தினமும் வேலைக்குப் போகிறேன், இருந்தும் இது வேறு. சுண்ணாம்பும் ஆவாரம்பட்டையும் ஊறிய மயிரும் கலந்த நாற்றம். பத்து நிமிஷத்தில் பழகிவிட்டது. சத்திரத்துக்கு எதிரில் ஒரு பாய் கடையில் பிரியாணி, கூடவே புளிப்பும் காரமுமாகக் கத்தரிக்காய். பசித்தது. துக்க காரியத்துக்கு வந்தவன் என்பதை மறந்து இரண்டாவது முறையும் வாங்கிச் சாப்பிட்டேன். கடைக்காரர், "கொளும்புல இது கெடைக்காது சார், சாப்டுங்க" என்று மேலும் ஒரு கரண்டி வைத்தார்.

மறுநாள் காலை ஜட்கா பிடித்தேன். வண்டிக்காரர் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். பாதி வழியில் தோல் ஏற்றி வந்த மாட்டு வண்டி எதிர்ப்பட்டதும் குதிரை நின்றுவிட்டது. தட்டினார், கெஞ்சினார், கழுத்தைக் கட்டிக்கொண்டு காதில் ஏதோ சொன்னார். அசையவில்லை.

"இன்னா பேஜார் பாருங்க சார். ஊரே தோலுல பொழைக்குது. இதுக்கு மட்டும் தோலு ஆவாது. இதோட சொந்தக்காரன் எவனாவது வண்டியில இருக்கானோ இன்னமோ!"

இறங்கி நடந்தேன். ரயில்வே கேட் அப்படியே இருந்தது. கேட்டுக்கு அப்பால் மைதானம் இல்லை. தோல் பதனிடும் ஷாப்பின் நீண்ட மதில். உள்ளே ஓட்டுக் கூரைகள், புகைபோக்கி ஒன்று, பட்டைக் குவியல்கள். ஏரிக்கரையை வைத்துத்தான் திசை கண்டுபிடித்தேன். கொடி ஒன்றுகூட இல்லை.

மதில் வாசலில் காவலுக்கு உட்கார்ந்திருந்தவர் என்னை உற்றுப் பார்த்தார். தலை முழுவதும் நரைத்திருந்தது. "கணக்கு வாத்தியாரு தானே?" என்றார். அப்போதுதான் எனக்கும் அடையாளம் தெரிந்தது. முனிசாமி. கொடிகளையும் எண்ணெய் மணலையும் பார்த்துக்கொண்டவர், கல் பொறுக்கியவர்களில் ஒருவர்.

"இன்னா வாத்தியாரே, கொளும்புல நல்லா ஊதிட்டீங்களே! அப்ப காத்தடிச்சா பறந்துடற மாதிரி இருப்பீங்க."

அவரோடு பீடி புகைத்துக்கொண்டு நின்ற இன்னொருவர் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு வந்த காரியத்தைச் சொன்னேன். முனிசாமி பீடியைக் கீழே போட்டு மிதித்தார்.

"வாங்க. நடந்து காட்டறேன்."

மைதானம் எப்படி மறைந்தது என்பதை நடந்துகொண்டே சொன்னார். ஜெர்மன் சண்டை வந்ததும் பட்டாளத்து துரைமார் கப்பலேறிப் போனார்கள். ஏஜெண்டு துரைகளுக்கு ஆட நேரமில்லை. சிப்பாய்களின் பூட்ஸுக்குத் தோல் போதவில்லை. இரவும் பகலும் தோல் ஊறியது. ஊறவைக்க இடம் போதாமல், ஏரித் தண்ணீர் கிட்டத்தில் இருக்கிறது என்று இந்த மேட்டை எடுத்துக்கொண்டார்கள். "ஆடனவங்கள்ல முக்காவாசிப் பேரு திரும்பி வரலியாம். கொடியைப் புடுங்கச் சொல்ல யாரும் வரல. நானே புடுங்கி வெச்சேன். மூங்கிலு நல்ல மூங்கிலு. பந்தல் போட்டுக்கினேன்."

முதல் கொடி இப்போது மேனேஜர் அறை. இரண்டாவது, பட்டை இடிக்கும் கொட்டகை. முனிசாமி கண்ணால் தேடவில்லை. காலடியை எண்ணிக்கொண்டே நடந்தார். சுவர் குறுக்கிட்டால் சுற்றிக்கொண்டு வந்து, விட்ட எண்ணிக்கையிலிருந்து மறுபடி தொடங்கினார். வேலை செய்துகொண்டிருந்த பெண்கள், "இன்னா தாத்தா, தோலு ஷாப்ப அளந்து விக்கப் போறியா?" என்று கேலி செய்தார்கள்.

"மூணாங்கொடி" என்று நின்றார்.

எங்களுக்கு முன்னால் வரிசையாகச் சுண்ணாம்புத் தொட்டிகள். ஆள் உயரத்துக்கு வெட்டிச் செங்கல் கட்டிய குழிகள். வெள்ளைத் தண்ணீரில் தோல்கள் மிதந்தன. ஒருவர் நீண்ட இடுக்கியால் அவற்றைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

முனிசாமி என் தோளைத் தொட்டு, "இருங்க வாத்தியாரே. இது வெயில் கொடி. மழைக் கொடி அங்க" என்றார்.

"எது?"

"மூணாங்கொடி ரெண்டு எடத்துல நிக்கும். ஏரி ரொம்பிச்சுன்னா இங்க ஊத்தெடுக்கும். எண்ண மணலெல்லாம் கரைஞ்சிடும். அதனால மழைக்கு நூறு கஜம் தள்ளி மேட்டுல வேற குழி. தண்ணி வத்தினதும் திரும்ப இங்க. நாலாவதுகூட அப்படித்தான். இது கொடி பாத்துக்கின எங்க நாலு பேருக்கும் துரைகளுக்கும் தெரியும். ஊரு சனம் எங்க கிட்ட வந்து பாத்துது?"

நான் ஆயிரம் தாள்களில் மூன்று என்று எழுதியவன். தாளில் அது எப்போதும் மூன்றுதான். எங்கே நிற்கும் மூன்று என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. லட்சுமி போனபின் கொழும்பு கிளம்பும்வரை, தை மாதம் முழுவதும், பள்ளிக்கூடம் போகும் வழியில் தூரத்துக் கொடியைப் பார்த்து நின்றுவிட்டுப் போவேன். தை மாதத்தில் அது எந்த இடம்? கிணற்றடியில் பேசிக்கொண்ட பெண்கள் எல்லாரும் எந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்?

"இந்தத் தொட்டி வெட்டறப்போ..." என்று ஆரம்பித்தேன்.

முனிசாமி தரையைப் பார்த்தார். "வந்துது வாத்தியாரே. சின்னச் சின்னதா. கூடையில எடுத்தோம். கல்பூரம் ஏத்தி, பாலாத்துல தண்ணி வந்தப்ப விட்டோம். அப்படியே எறியல. அத மட்டும் நம்புங்க."

மழைக் கொடி நின்ற மேட்டுக்கு அழைத்துப்போனார். அங்கே தோல் உலர்த்தும் கொட்டகை. சுவருக்குப் பதில் மரச்சட்டங்கள், மேலே உயர்ந்த ஓட்டுக் கூரை. கழிகளில் பதமான தோல்கள் தொங்கின. தரை வெறும் மண். யாரும் தோண்டியதில்லை என்றார்.

ஆக, ஒன்று தொட்டி, இல்லையேல் கொட்டகை. தொட்டியென்றால் என் குழந்தை கூடையில் போய்விட்டது. கொட்டகையென்றால் போட்ட இடத்திலேயே இருக்கிறது.

"அந்த ஐப்பசியில கொடியை எப்ப மாத்தினீங்க, முனிசாமி? போட்டிக்கு முந்தியா, பிந்தியா?"

"நான் ஊர்ல இல்லியே வாத்தியாரே. அந்த வருசம் மழை ஆரம்பத்துல காய்ச்சல்னு என் வூட்டுக்காரி ஊரு கலவைக்குப் போய்ட்டேன். கார்த்திகைக்குத்தான் வந்தேன். மாத்தினவங்க யாரும் இப்ப இல்ல."

நான் அந்த விடியற்காலையை நினைவுபடுத்திப் பார்த்தேன். தூறல் இருந்தது. குடை பிடித்திருந்தேன். ஆனால் ஒரு தூறலில் ஏரி நிரம்பாது. கடப்பாரை ஈர மண்ணில் இறங்கியதா, கட்டாந்தரையில் மோதியதா? காதில் எந்தச் சத்தமும் இல்லை. என் கையிலிருந்த துணிச் சுருட்டின் கனம் மட்டும் நினைவிருக்கிறது. கனமே இல்லை.

மறுநாள் காலை சின்னேரிப்பட்டில் ஒரு வீட்டில் கறந்த பாலைச் செம்பில் வாங்கிக்கொண்டு தோல் ஷாப்புக்குப் போனேன். உள்ளே எதையும் செய்ய மேனேஜர் சாயபுவின் அனுமதி வேண்டும். அவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"நேத்து அளந்தது நீங்கதானா? பாருங்க சார், எடத்துக்குப் பத்திரம் பக்காவா இருக்கு. கேஸ் போட வந்திருந்தா வக்கீலைப் பாருங்க."

செம்பைக் காட்டினேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். பிறகு வெளியே வந்து, "ஏ, கொட்டாயில இருக்கறவங்க எல்லாம் கொஞ்சம் வெளிய வாங்கப்பா" என்று குரல் கொடுத்தார். எனக்கு முன்னால் நடந்து, கொட்டகை வாசலில் தன் செருப்பைக் கழற்றிவிட்டு ஒதுங்கி நின்றார்.

பாதிப் பாலைக் கொட்டகையிலும் பாதியைத் தொட்டி ஓரத்திலும் ஊற்றுவது என்று இரவே முடிவு செய்திருந்தேன். முனிசாமியிடம் அதைச் சொன்னேன்.

"வாணாம் வாத்தியாரே" என்றார். "ராத்திரி யோசிச்சுப் பாத்தேன். அந்த ஐப்பசி நான்தான் மாத்தினேன். போட்டிக்கு நாலு நாள் முந்தி. மழைக் கொடிதான். சந்தேகமே வாணாம். முழுசா இங்கியே ஊத்துங்க."

அந்த ஐப்பசியில் கலவையில் காய்ச்சலாகக் கிடந்தேன் என்று நேற்றுச் சொன்னவர் அவரே. நான் மறக்கவில்லை. அவரும் மறந்திருக்க முடியாது. என் முகத்தைப் பார்க்காமல், தரையில் ஓர் இடத்தைக் காலால் காட்டினார். "கொடி இங்க. தெக்க பத்தடின்னா, தோ, இங்க."

உட்கார்ந்தேன். ஊற்றினேன். முழுவதையும் ஊற்றினேன். மண் உடனே குடித்துவிட்டது. வெள்ளை வட்டம் ஒன்று சிறிது நேரம் இருந்தது, பிறகு அதுவும் இல்லை. வெளியே நின்ற பெண்களில் ஒருத்தி, "பொண்ணா, புள்ளையா சாமி?" என்று கேட்டாள். "பொண்ணு" என்றேன். "பேரு வெச்சாச்சா?" என்றாள். "லட்சுமி" என்றேன். அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லி இருபத்திரண்டு வருஷம் ஆயிற்று.

வாசலுக்குத் திரும்பும் வழி தொட்டிகளின் ஓரமாகத்தான். இடுக்கி வைத்திருந்தவர் வேலையை நிறுத்திவிட்டு வழிவிட்டார். செம்பைக் கவிழ்த்துப் பார்த்தேன். ஒரு சொட்டும் இல்லை. சிறிது நேரம் அங்கே நின்றேன். வெள்ளைத் தண்ணீர் அசையாமல் இருந்தது. முனிசாமி என் கையைப் பிடித்து, "ரயிலுக்கு நேரமாச்சு வாத்தியாரே" என்று அழைத்துக்கொண்டு வந்தார். ரயிலுக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.

கேட்டில் விடைபெறும்போது "கொளும்புப் பக்கம் வாங்க" என்று அசட்டுத்தனமாகச் சொல்லிவைத்தேன். "வந்தா அங்கியும் கொடி நடச் சொல்லுவீங்க" என்றார். ரயில் ஏறிய பிறகு இந்தத் தடவை தூங்கவில்லை. எல்லாவற்றையும் தனத்திடம் சொல்லிவிடுவது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன். ஒரு தடவை பொய் சொன்னது போதும். இரண்டு கொடிகள், தொட்டி, கூடை, பாலாறு, முனிசாமி சொன்னது, சொல்லாதது, ஒன்றும் விடாமல்.

வீட்டுக்குள் நுழைந்தபோது கமலா சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். முடி கொட்டிப்போய்த் தலை சின்னதாகத் தெரிந்தது. தனம் என் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டாள். கால் கழுவத் தண்ணீர் எடுத்து வைத்தாள். நான் வாயைத் திறப்பதற்குள், கமலாவுக்குக் கேட்காத குரலில், நான் எதிர்பார்க்காத ஒன்றைக் கேட்டாள்.

"அங்க நிழல் இருக்கா?"

அவள் அந்த இடத்தை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. இருபத்திரண்டு கோடையிலும் இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"இருக்கு" என்றேன். "பெரிய கூரை போட்டிருக்காங்க. காத்து நல்லா வருது."

தனம் தலையை ஆட்டினாள். செம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அதன்பின் அவள் வேறொன்றும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மற்றதை இங்கே, இந்தப் பத்திரிகைக்கு, எழுதிவிட்டேன். தனத்துக்குப் படிக்கத் தெரியாது. வீட்டுக்கு வரும் பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து கமலாதான் அவளுக்கு வாசித்துக் காட்டுவாள். இதையும் அவள்தான் வாசிப்பாள்.